முப்பதாவது படம்

அக்டோபர் பிறந்தால் நேடீன் வாஸ்லர் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு திகில் படம். மாதக் கடைசியில் வரும் பேய்வேடத் திருநாளான ஹாலோவீன் வரை நாளுக்கு ஒன்று. தம்பி லீலண்ட் டயர் கடையைப் பூட்டிவிட்டு, நகக்கண்ணில் கறுப்போடு, ஏழு மணிக்குள் வந்துவிடுவான். அவளுக்குப் பதினெட்டும் அவனுக்குப் பதினைந்துமாக இருந்தபோது தொடங்கிய வழக்கம் இது. இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. நடுவில் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று, இருவருக்கும் அது முறிந்தது. பட்டியல் மட்டும் முறியவில்லை.

விளக்கை அணைத்துவிட வேண்டும். படத்தை நடுவில் நிறுத்தக் கூடாது, முடிகிறவரை யாரும் எழவும் கூடாது. மீறினவர், அல்லது முதலில் துள்ளினவர், அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். முப்பத்து மூன்று வருடத்தில் பெரும்பாலும் கழுவியது லீலண்ட்தான்.

நேடீன் துள்ளாததற்குக் காரணம் அவளுடைய வேலை என்று ஊரில் சொல்வார்கள். ஓஹையோவில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு 911 அவசர அழைப்பு அறை. காவல் நிலையத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே பத்தொன்பது வருடம் ஹெட்செட் மாட்டியவள் அவள். மாரடைப்பு, விபத்து, காணாமல் போன பிள்ளை, பூனை மரத்தில் ஏறிவிட்டது, எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயிருக்கின்றன. முகம் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து ஆளை எடை போடுவது அவளுக்குக் கைவந்துவிட்டது. ஒரு சத்தம் காதில் உறைத்தால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். எத்தனை மணிக்கு என்று பிறகு யாராவது கேட்பார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு பிற்பகலில் ஒரு பெண் கிசுகிசுத்தாள். துணி அலமாரிக்குள் ஒளிந்திருந்தாள். வீட்டுக்குள் அவளுடைய முன்னாள் கணவன் வந்திருந்தான். நேடீன் முகவரி வாங்கினாள், காவல் வண்டியை அனுப்பினாள், "பேசாதீங்க. போன வெச்சிடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். வண்டி போய்ச் சேர ஒன்பது நிமிடம் பிடித்தது. ஏழாவது நிமிடத்தில் அலமாரிக் கதவு திறந்தது. ஓர் அலறல். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

விசாரித்தவர்கள் அவள்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லால் யாருக்கும் தூக்கம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

செப்டம்பரில் இன்னொரு பெண் அலறினாள். அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நேடீன் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்து மேசைக்காரர் பாய்ந்து எடுத்தார். நடுவில் போனது நான்கு நொடி.

மேற்பார்வையாளர் ரெனாட்டா க்யூபியாக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"உன்ன வீட்டுக்கு அனுப்பல. பதிவேட்டு மேசைக்கு அனுப்பறேன். நவம்பர் மூணாம் தேதி பழைய அழைப்புப் பதிவுங்கள்ல பத்து போடுவேன். பத்தையும் நீ எடுக்கணும்."

"ஒண்ண விட்டா?"

"டிசம்பர்ல நம்ம பதிவேடெல்லாம் பக்கத்து மாவட்டத்தோட ஒண்ணாச் சேருது. அந்த மேசையும் இருக்காது, வேலையும் இருக்காது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப விடாத."

ஆக, இந்த அக்டோபரில் குளிர்பெட்டிக் கதவில் ஏறிய தாள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. நேடீன் ஒரு முடிவோடு இருந்தாள். முப்பத்தொரு படம், படத்துக்குப் பத்து அலறல் என்றாலும் முந்நூறு. காதை அதில் ஊறப் போட்டுவிடுவது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், வேலையில் படம் கிடையாதே. ஒவ்வோர் அலறலுக்கும் உடம்பில் ஏதோ ஒன்று சுண்டும். கால்விரல் மடங்கும், இல்லாவிட்டால் பிடரி சில்லிடும். அதை எண்ணி, தாளில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் குறித்தாள். முதல் படத்துக்குப் பதினான்கு. பத்தாவதுக்கு ஒன்பது. இருபதாவதுக்கு மூன்று.

"நேடி, நீ படம் பாக்கறியா, ஜெபம் பண்றியா?" என்றான் லீலண்ட்.

"காதால பாக்கறேன்."

"அப்ப அடுத்த வருஷம் ரேடியோ போதும். டிவிய நான் எடுத்துட்டுப் போறேன்."

"பாத்திரத்தக் கழுவிட்டு எடுத்துட்டுப் போ."

பயம் ஒரு பழக்கம், ஒரு பழக்கத்தை இன்னொன்றால் வெட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. பாதி சரியான கணக்கு. முழுக்கத் தவறான எண்ணம் சீக்கிரம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பாதி சரியானது நம்மை வெகுதூரம் கூட்டிப் போகும். இருபத்தேழாம் நாள் அவள் தாளில் பூஜ்யம் எழுதினாள். இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் அதுவே. ஓர் ஆளை மரம் அறுக்கும் எந்திரத்தோடு துரத்துகிறார்கள், அவன் கத்துகிற கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, நேடீனின் கால்விரல் பத்தும் தளர்ந்து கிடக்கின்றன. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவள் நன்றாகத் தூங்கினாள்.

பக்கத்து வீட்டு ஆர்வில் டிபெட்ஸ் வேறு வகையில் இந்த மாதத்துக்காக வாழ்கிறவர். மாவட்டச் சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. செப்டம்பர் கடைசியிலேயே முன்புல்வெளியில் பிணங்களைப் பரப்பத் தொடங்கிவிடுவார். வைக்கோல் திணித்த பழைய மேலங்கிகள், ரப்பர் முகங்கள், மேப்பிள் கிளையில் தொங்கும் எலும்புக்கூடுகள், பச்சை விளக்கு, புகை எந்திரம். இந்த வருடம் பதினேழு பிணம். புதருக்கடியில் ஓர் ஒலிபெருக்கி. ஆந்தை, சங்கிலி, முனகல், நாய், மறுபடி ஆந்தை. ஒரு சுற்றுக்கு நாற்பது நொடி.

"உங்க நாய எப்ப கொல்லப்போறீங்க?" என்று வேலி மேல் சாய்ந்து கேட்பாள் நேடீன்.

"அது செத்த நாயாச்சே பொண்ணே. மறுபடி எப்படிக் கொல்றது?"

"அப்ப வாய மூடச் சொல்லுங்க."

"உன் வீட்டுல மட்டும் என்னவாம்? தினம் ஒருத்தி கழுத்தறுபடறா. என் சம்சாரம் ஜோலீன் போலீசக் கூப்பிடலாமான்னு கேக்கறா. நான் சொன்னேன், போலீசக் கூப்பிட்டாலும் அவதான எடுப்பான்னு." சொன்ன பிறகுதான் அவள் இப்போது எடுப்பதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவது ஹாலோவீனுக்கு முந்தின நாள். நேரத்தை நகரசபை குறிக்கும்: முப்பதாம் தேதி, மாலை ஆறு முதல் எட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆர்விலும் ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே படுத்துக்கொள்வார். முனகுவார், கணுக்காலைப் பிடிப்பார். எந்தப் பிணம் ஆர்வில் என்று கண்டுபிடிப்பது எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு. பத்து வருடமாக நடக்கிறது. எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நேடீன் மிட்டாய்க் கிண்ணத்தை வாசற்படியில் வைத்து, ஆளுக்கு இரண்டு என்று எழுதிய அட்டையைச் சாய்த்துவிட்டு, ஏழு மணிக்கு முப்பதாவது படத்தைப் போட்டாள். தானியக் கிடங்குக்குள் அடைபட்ட ஒரு குடும்பத்தின் கதை. லீலண்ட் மடியில் மிளகாய்க் குழம்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். அவள் கண்ணை மூடினாள்.

படத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ஓர் இடம் வந்தது. அந்த அமைதியில் வெளியே இருந்து ஒரு முனகல் கேட்டது. நேடீன் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபத்து நான்கு.

ஒலிபெருக்கியின் முனகல் அல்ல. அதுவாக இருந்தால் பின்னாலேயே நாய் குரைத்திருக்கும். ஆர்வில் வழக்கமாக முனகுகிற மாதிரியும் அல்ல. நடிக்கிறவன் மூச்சை வெளியே விடும்போது முனகுவான். இது மூச்சை உள்ளே இழுக்கும்போது வந்தது, பாதியில் அறுந்தது. விலா முறிந்தவர்கள் இப்படித்தான் போனில் பேசுவார்கள்.

"ஆர்வில் இந்த வருஷம் அசத்தறாரு. கேட்டியா?" என்றான் லீலண்ட்.

"ம்."

கால்விரல்கள் மடங்கின. பிடரி சில்லிட்டது. ஒரு மாதமாகப் பழகின பழக்கத்தில் நேடீன் அவற்றைப் பார்த்து, தளருங்கள் என்றாள். தளர்ந்தன. அதில் அவளுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சிகூட உண்டாயிற்று. மறுபடி கண்ணை மூடினாள்.

இன்னொரு முனகல். அதுவும் உள்ளிழுப்பில். விரல்கள் அசையவில்லை. வெளியே ஒரு பிள்ளை கைதட்டிச் சிரித்தது. படத்தில் யாரோ கதவை இடித்தார்கள். மூன்றாவது முனகல் முன்னதைவிடச் சிறியது. அவள் நிதானமாக மூச்சு விட்டாள். நான்காவது கேட்டது. ஐந்தாவது கேட்கவில்லை.

அவள் காத்திருந்தாள். ஆந்தை, சங்கிலி, ஒலிபெருக்கியின் முனகல், நாய். மறுபடி ஆந்தை. இடையில் ஒன்றுமில்லை. அலறல் நின்ற பிறகு வரும் அந்த ஒன்றுமில்லாமை அவளுக்குத் தெரியும். மணி ஏழு முப்பத்தைந்து.

அவள் எழுந்தாள்.

"ஏய், எழுந்துட்ட! எழுந்துட்ட! பாத்திரம் உன்னுது! கடைசியில போய் இப்படி..."

அவள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

மேப்பிள் மரத்தடியில் ஏணி சாய்ந்து கிடந்தது. புகை பச்சையாக மிதந்தது. தொங்க விட்ட எலும்புக்கூடு ஒன்று அறுந்து விழ, அதைக் கட்ட ஏறியிருக்கிறார் ஆர்வில். பிறகுதான் இது தெரிந்தது. அவர் ஒரு ரப்பர் பிணத்தின் மேல் குறுக்காகக் கிடந்தார். அவர் பக்கத்தில் தேனீ வேடமிட்ட சிறுமி ஒருத்தியை நிற்க வைத்து, கரடி வேடத்தில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க! அது நிஜ ஆளு!"

கரடிக்காரர் சிரித்தார். "அடடே, நீங்களும் இதுல உண்டா? பிரமாதம்ங்க. பாப்பா, இந்தம்மா எப்படி நடிக்கறாங்க பாரு!"

"நடிக்கல! மூச்சு நின்னுபோச்சு, தள்ளுங்க!"

"உடம்பெல்லாம் புல்லரிக்குது. போன வருஷம் இவ்வளவு இல்ல." அவர் கைபேசியை அவள் முகத்துக்குத் திருப்பினார்.

சொல்லிப் பயனில்லை. அங்கே எது சொன்னாலும் அது நாடகத்தில் சேர்ந்துவிடும். நேடீன் புதருக்குள் கையை விட்டு மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது, புகை நின்றது, நாய் பாதிக் குரைப்பில் செத்தது. இருட்டில் எல்லோருக்கும் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி, மிகச் சிறிய ஒரு மூச்சு.

தேனீச் சிறுமி அழத் தொடங்கினாள். கரடிக்காரர் கைபேசியை இறக்கினார்.

நேடீன் தன் கைபேசியில் மூன்று எண்ணை அழுத்தினாள். எடுத்தது ரெனாட்டா. பிள்ளைகள் தெருவில் இறங்குகிற மாலை என்பதால் அவளும் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"911. எந்த முகவரி?"

பத்தொன்பது வருடம் தான் கேட்ட கேள்வி. பதில் வரவில்லை. நேடீன் அலறினாள். "ஆர்வில் வீடு! ஆர்வில் வீட்டுக்கு அனுப்பு!"

"நேடீனா? நேடீன், தெரு பேரச் சொல்லு."

பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிற தெரு, பெயர் நாக்குக்கு வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்திருந்த லீலண்ட் கைபேசியைப் பிடுங்கித் தெருவையும் எண்ணையும் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்து சேர ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அவள் ஆர்விலின் தாடையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள்.

மூன்று விலா, கிழிந்த நுரையீரல், உள்ளுக்குள் ரத்தக்கசிவு. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் அறுவை மருத்துவர். ஆர்விலின் மனைவி ஜோலீன் மருத்துவமனை நடையில் நேடீனைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கரடிக்காரர் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றியது. தெருவே அவரைத் தாண்டிப் போயிற்று, ஒருத்தி காதுக்கு மட்டும் கேட்டது என்று எழுதினார்கள். ரொட்டிக்கடையில் அவளிடம் காசு வாங்க மறுத்தார்கள். பத்து நிமிடம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லும்போது நேடீனின் மனசில் பதினொன்று என்று ஓடியது.

மறுநாள் ஹாலோவீன். லீலண்ட் வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தான். தொலைக்காட்சி அணைந்திருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன.

"இன்னும் ஒண்ணரைப் படம் பாக்கியிருக்கு," என்றான் மெதுவாக.

"ஏழு இருபத்துநாலுக்கே எனக்குக் கேட்டுது, லீ."

"எனக்கும்தான் கேட்டுது. அசத்தறாருன்னு சொன்னதே நான்தான்."

"உனக்குக் கேட்டுது. எனக்குத் தெரிஞ்சுது."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "முப்பது வருஷமா ஆர்வில் முனகறத நாம..."

"பத்து வருஷமா. அது நடிப்பில்லன்னு முதல் முனகல்லயே தெரிஞ்சுது. உடம்பு எழுந்திருன்னு சொல்லிச்சு. நான்தான் உக்காருன்னேன். நல்லா உக்காந்துட்டேன்னு சந்தோஷம் வேற."

"யார்கிட்டயும் சொல்லாத, நேடி. திங்கக்கிழம உனக்குப் பரீட்ச."

"அதனாலதான் சொல்லணும்."

"பைத்தியமா உனக்கு? இப்ப ரெனாட்டா உனக்குப் பரீட்சையே வைக்கமாட்டா. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவா."

அதுதான் அவளுக்கும் பயமாக இருந்தது. சும்மா இருந்தால் நாற்காலி கிடைத்துவிடும். அந்த நாற்காலியில் அலறல்களுக்கு அசையாத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பயம் என்பது உடம்பு கதவைத் தட்டுகிற முறை. ஒரு மாதம் பாடுபட்டு அவள் பழகியது, கதவைத் திறக்காமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போய் ஆர்விலிடம் சொன்னாள். திங்கள் காலை எட்டு மணிக்கு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

லீலண்ட் சொன்னபடியேதான் நடந்தது. ரெனாட்டா படிவத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே, "இது வெறும் சடங்கு. ஊரே உன்னப் பத்திப் பேசுது. இங்க ஒரு கையெழுத்து..." என்றாள்.

"ரெனாட்டா, ஏழு இருபத்துநாலுக்குக் கேட்டுது. உன்ன நான் கூப்பிட்டது ஏழு முப்பத்தாறு."

பேனா நின்றது. "எல்லாருக்கும்தான் கேட்டிருக்கும்."

"நிஜம்னு தெரிஞ்சு உக்காந்திருந்தேன். பதினோரு நிமிஷம்." தாளைப் பற்றி, குறித்த எண்களைப் பற்றி, பூஜ்யங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. பதிவேட்டில் எழுதுகிற மாதிரி நேரத்தோடு சொன்னாள்.

ரெனாட்டா பேனாவை மூடி வைத்தாள். "ஆர்விலுக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஜோலீன்தான் என்னக் கிளம்பச் சொன்னா."

ரெனாட்டா படிவத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். எழுந்து போய்ப் பயிற்சி மேசையின் விளக்கைப் போட்டாள்.

"செப்டம்பர்ல பயந்து கழட்டி வெச்ச. அக்டோபர்ல பயப்படாம உக்காந்திருந்த. ரெண்டும் எனக்கு வேணாம். வேற ஏதாவது வெச்சிருக்கியா?"

"பயந்துக்கிட்டே எடுக்கறேன்."

"முடியுமா?"

"தெரியல."

"போட்டுக்க."

நேடீன் ஹெட்செட்டை மாட்டினாள். முதல் பதிவு ஒரு கிழவரின் தலைச்சுற்றல். இரண்டாவது, வாய்க்காலில் கவிழ்ந்த வண்டி. நான்காவதில் ஒரு தாய் கதறினாள். நேடீனின் தோள் துடித்தது, முகவரியில் இரண்டு எழுத்துத் தவறி, அழித்து மறுபடி அடித்தாள். ஏழாவது பதிவு அலறலோடுதான் தொடங்கியது. வார்த்தையே இல்லை. அவள் கைகள் விசைப்பலகையை விட்டு எழும்பி ஹெட்செட்டின் விளிம்பைப் பிடித்தன. ரெனாட்டா அசையாமல் பார்த்தாள். ஒரு நொடி. இரண்டு. நேடீன் அதைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். "கேக்குது. எனக்குக் கேக்குது. எங்க இருக்கீங்க?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பத்தும் முடிந்தபோது அவள் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஏழாவதுல ரெண்டு நொடி," என்றாள் ரெனாட்டா.

"ஆமா."

"பத்து ஷிஃப்ட் பாக்கலாம். நான் பக்கத்துல இன்னொரு ஹெட்செட் போட்டுக்கிட்டு உக்காருவேன். நீ விட்டா நான் எடுப்பேன். ரெண்டாவது தடவ விட்டா, அதோட முடிஞ்சுது. பழைய சிநேகம்னு பாக்கமாட்டேன்."

"எப்பலேருந்து?"

"நாளைக்குக் காலைல ஏழு மணி."

ரெனாட்டா கை கொடுக்கவில்லை. நேடீனும் எதிர்பார்க்கவில்லை. வெளியே போகும் படிக்கட்டில் கால் வைத்தபோது முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் அடங்கக் காத்திராமல், மேலே ஏறினாள்.